தானம் வந்த மாடு

மயானத்துக்குப் போய்த் திரும்பும்போது மனிதனுக்குச் சிறிது ஞானம் உண்டாகிறது. பெரியவர்கள் அதற்கு மயான வைராக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தலையில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அது இறங்கிப் போய்விடும் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் பல தடவை அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனால் சென்ற மாதம் மூலக்கொத்தளத்திலிருந்து திரும்பி வந்த அன்று, தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகும் இறங்காத ஒரு சந்தேகம் மனத்தில் தங்கிவிட்டது. அது வாழ்வின் நிலையாமையைப் பற்றியதல்ல. வெறும் வரவு செலவுக் கணக்கைப் பற்றியது.

என் முதல் நாவலை அச்சுக் கோத்த மனிதர் காலமாகிவிட்டார். தங்கசாலைப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தவர். என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி, மற்றவர் அவர். ஆயுள் முழுவதும் ஒண்டுக் குடித்தனம் நடத்தியவர். ஒரு வீட்டில் கிணற்றடித் தகராறு, இன்னொரு வீட்டில் வாடகை உயர்வு, வேறொரு வீட்டில் சொந்தக்காரரின் மகளுக்குக் கல்யாணம் என்று எத்தனையோ தடவை தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்கியவர். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும் சார்" என்று அடிக்கடி சொல்வார். அந்தத் தனி வளை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

மூலக்கொத்தளம் மயானத்தில் எல்லாம் முடிந்தபின், பதிவேட்டில் விவரங்களை எழுதிக்கொண்டிருந்தவரிடம் போய், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பையில் கைவிட்டேன். "ஒன்றும் வேண்டாம் சார். மாநகராட்சியில் இதற்குக் காசு கிடையாது" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. ஐம்பது வருஷம் மாதா மாதம் வாடகை எண்ணி வைத்த ஒரு மனிதருக்கு வாடகையில்லாமல் கிடைத்த முதல் இடம் அது.

அந்த எண்ணத்தோடு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் குடியிருப்புகள் தெரிந்தன. ஜன்னல்களில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கட்டடங்களுக்கு ஒரு கதை உண்டு. மயானத்து நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து, நடைபாதையிலும் குடிசையிலும் இருக்கும் குடும்பங்களுக்கு அடுக்குமாடி கட்டுவதென்று 2017-ஆம் ஆண்டையொட்டி ஒரு திட்டம் வந்தது. கட்சிகளும் தமிழ் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்புக்குத் தக்க காரணமும் இருந்தது. 1938-இல் பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது மறியல் செய்து சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும், 1939-இல் ஒருவர் பின் ஒருவராகச் சிறைவாசத்தின்போதே நோயுற்று இறந்தார்கள். அவர்களை அடக்கம் செய்த மண் இது. ஆண்டுதோறும் ஜனவரி 25-ஆம் தேதி அந்த நினைவிடத்தில் மாலைகள் குவியும். அப்பேர்ப்பட்ட நிலத்தில் கட்டடம் கட்டுவதா என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் அதைப் பத்திரிகையில் படித்தபோது, தமிழில் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், எனக்கும் கோபம் வந்தது. கட்டடங்கள் எழும்பிவிட்டன. நினைவிடமும் இருக்கிறது. கோபம் மட்டும், மற்ற எல்லாக் கோபங்களையும் போல, எங்கோ போய்விட்டது.

நடராசன் யார்? வடசென்னையைச் சேர்ந்த ஓர் ஏழைப் பிள்ளை; ஊர் ஒதுக்கி வைத்த குலத்தில் பிறந்தவர். தாளமுத்துவும் செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளையல்லர். அவர்கள் இன்று எழுந்து வந்து, தம் பக்கத்தில் ஏழைகள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவதைப் பார்த்தால், தங்களுக்கு அவமரியாதை நேர்ந்துவிட்டது என்று நினைப்பார்களா? நினைக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வேறொரு கேள்வியை நிச்சயமாகக் கேட்பார்கள். "ஏழைக்கு வீடு என்றதும் இந்தப் பெரிய பட்டணத்தில் உங்கள் கண்ணுக்குச் சுடுகாடுதானா தென்பட்டது?"

எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை என்று ஒரு பெரிய கட்டடம் இருப்பது பலருக்குத் தெரியும். சென்னைப் பெருநகரில் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் வளர்ச்சிக் குழுமம் அங்கேதான் இருக்கிறது. மாளிகைக்கு அவர்கள் பெயர். அடுக்குமாடிக்கு அவர்கள் மயானம். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்யாத காரியங்களில்தான் ஒரு சமூகத்தின் உண்மையான எண்ணம் வெளிப்படுகிறது.

வெயில் ஏறிவிட்டதால் தேநீர் குடிக்கலாமென்று வால்டாக்ஸ் சாலைப் பக்கமாக நடந்தேன். அங்கே நடைபாதையில் குடும்பங்கள் இருக்கின்றன. நேற்று வந்தவர்களல்ல, மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. சுவரில் ஆணி அடித்துத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஸ்டவ்வும் பாத்திரமும் பள்ளிக்கூடப் பையும் வைத்திருக்கிறார்கள். டீக்கடையை ஒட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அந்தப் புதுக் கட்டடத்தில் உங்களுக்கு வீடு கிடைக்கவில்லையா அம்மா?"

"எயுதிக் குடுத்துக்கீறோம் சார். பேரு வரும் வரும்னு சொல்லிக்கினே கீறாங்க."

"சுடுகாடாக இருந்த இடமாயிற்றே. பயமில்லையா?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "செத்தவங்க இன்னா சார் பண்ணுவாங்க? ராத்திரில வந்து லத்தியால தட்டி, எயுந்துரு எயுந்துருன்னு சொல்றவங்கல்லாம் உசுரோட கீறவங்கதான்."

"பெரும்பாக்கத்தில் கொடுத்தால் போவீர்களா?"

"அம்மாந் தூரம் போயி இன்னாத்த துன்றது? எங்கூட்டுக்காரரு மூட்ட தூக்கறாரு. மூட்ட இங்கதானே கீது?"

இதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. கேட்டவை எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவன் கேட்கும் கேள்விகளாகவே இருந்தன.

வால்டாக்ஸ் என்ற பெயருக்கு அர்த்தம் தேடிப் போனால் ஒரு ரசமான சரித்திரம் அகப்படுகிறது. ஆங்கிலத்தில் 'வால்' என்றால் சுவர். 'டாக்ஸ்' என்றால் வரி. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-59-இல் சென்னையை முற்றுகையிட்டான். பிறகு 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பட்டணத்தின் வாசல்வரை வந்து நின்றது. வியாபாரிகள் வாழ்ந்த கறுப்பர் பட்டணம் நடுங்கிப்போயிற்று. கம்பெனியார் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதிலின் காவல் மேடைக்குக் கொத்தளம் என்று பெயர். மூலைக் கொத்தளம்தான் மூலக்கொத்தளம் ஆயிற்று என்பார்கள். மதில் கட்டிய செலவை உள்ளே இருந்த குடிகளிடம் வரியாக வாங்குவதென்று கம்பெனியார் உத்தேசித்தார்கள். அதற்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்று கேள்வி எழும்பியது. வரி வசூலாகவே இல்லை. ராயபுரத்து மாடிப் பூங்காவில் மதிலின் மிச்சம் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. சாலைக்கு மட்டும் வரியின் பெயர் நிலைத்துவிட்டது.

ஆக, வசதியுள்ளவர்களின் வீடுகளையும் கிடங்குகளையும் காப்பதற்குச் சர்க்கார் பணத்தில் மதில் எழும்பியது. அதற்குரிய பணத்தை அவர்கள் கொடுக்கவில்லை. ஆனால் அந்த மதிலை இலவச மதில் என்று யாராவது சொன்னதுண்டா? கம்பெனியார் அவர்களுக்குப் பிச்சை போட்டார்கள் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை. பட்டணத்தைக் காப்பது ஆள்பவர்கள் கடமை, அவ்வளவுதான்.

இப்படிச் சரித்திரத்தில் இருந்து உதாரணம் எடுப்பது எழுத்தாளனுக்குச் சௌகரியமான வேலை. செத்துப்போன வியாபாரிகள் வந்து கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

நான் குடியிருப்பது வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய வீடு. 1961-இல் ஏற்பட்ட அந்த வாரியம், அரசாங்கம் கையகப்படுத்திய நிலத்தில் மனைகளும் வீடுகளும் அமைத்து, என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்குத் தவணை முறையில் கொடுத்தது. என் மகன் 2018-இல் கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினான். 'அனைவருக்கும் வீடு' என்று 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரித் திட்டத்தில், நடுத்தர வருமானக்காரர்களுக்கும் வட்டி மானியம் என்று ஒரு பிரிவை 2017-இல் சேர்த்து, 2021 மார்ச் வரையில் நடத்தினார்கள். ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கும் அதில் இடமிருந்தது. அவன் கடன் கணக்கில் ஒருநாள் 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வரவு வைக்கப்பட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். "நாம் இத்தனை காலம் கட்டின வரிக்கு, நமக்கு வரவேண்டியது வந்தது" என்றேன் நான். இது தவிர, பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதையும் அவன் வருஷா வருஷம் கழித்துக்கொண்டுதான் வருகிறான்.

அதே திட்டத்தின் வேறொரு பிரிவில், வாரியம் கட்டும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்கு மத்திய அரசு தரும் பங்கு 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். மாநில அரசு அதற்கு மேல் தன் பங்கைப் போடுகிறது. குடியேறுபவரும் பயனாளி பங்கு என்று ஒரு தொகை கட்ட வேண்டும். இதை நாம் என்னவென்று சொல்கிறோம்? "இலவச வீடு" என்கிறோம். என் மகனுக்கு வந்தது வரவேண்டியது. பூண்டு உரிக்கும் அம்மாளுக்கு வந்தால் அது இலவசம். தண்ணீர் ஊற்றியும் இறங்காத சந்தேகம் இதுதான். ஒரே கஜானாவிலிருந்து வருகிற பணம் ஒரு வாசலில் கடனாகவும் இன்னொரு வாசலில் தானமாகவும் எப்படி மாறுகிறது?

வெறும் வார்த்தை வித்தியாசம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பழமொழி ஒன்று உண்டு. கொடுப்பது தானமாகிவிட்டால், வாங்குகிறவன் வாயைத் திறக்கக்கூடாது. எங்கே கொடுக்கிறாய் என்று கேட்கக்கூடாது. எப்படிக் கட்டினாய் என்று கேட்கக்கூடாது. எப்போது பத்திரம் தருவாய் என்றும் கேட்கக்கூடாது.

எங்கே என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பதை முழக்கமாகக் கொண்டிருந்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டிக் கொடுப்பது அதன் ஆரம்பகால வழக்கம். வரவர ஊருக்குள் நிலத்தின் விலை ஏறியது. ஏழையின் சிரிப்பும் தொலைவாகிக்கொண்டே போயிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு பெரும்பாக்கம். எல்லாம் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அக்கம்பக்கத்தில். பெயர் வைத்தவர் அறிந்துதான் வைத்தாரோ என்னவோ, கண்ணகியும் நீதி கேட்டுவிட்டு ஊரைவிட்டு வெளியேறியவள்தான். காசிமேட்டில் விடியுமுன்னே நடக்கும் மீன் ஏலத்துக்கு, கூடையைத் தூக்கிக்கொண்டு பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பெண் எந்த பஸ்ஸில் வருவாள்? வீடு கிடைத்தது, பிழைப்பு போயிற்று. பிழைப்பைத் தேடி அவள் மறுபடியும் நடைபாதைக்கு வந்தால், "பார்த்தாயா, வீட்டைக் கொடுத்தாலும் இவர்கள் தெருவுக்குத்தான் வருவார்கள்" என்று நாம் தலையை ஆட்டுகிறோம்.

எப்படிக் கட்டினாய் என்ற கேள்விக்கு வடசென்னையே பதில் சொல்லும். புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் கட்டிய புத்தம் புதிய அடுக்குமாடியில், 2021 ஆகஸ்டில், சுவரைக் கையால் தொட்டால் பூச்சு உதிர்ந்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளும் சேர்ந்து, பட்டப்பகலில் இடிந்து தரைமட்டமாயிற்று. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. அது ஒன்றும் நூறு வருஷத்துக் கட்டடமல்ல. முப்பது வயதுகூட நிரம்பாதது. கே.பி. பூங்காவில் சுவரை விரலால் சுரண்டிக் காட்டினார்களே, அவர்கள் செய்தது என்ன? மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். பார்த்ததனால்தான் பரிசோதனை நடந்தது.

பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பங்குத் தொகையையும் தவணையையும் கட்டி முடித்த பிறகும், நிலம் வாரியத்தின் பெயருக்கு மாறவில்லை என்பது போன்ற காரணங்களால், கிரயப் பத்திரம் கைக்கு வராமல் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. காசும் கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் அது தானம்தான். இப்படி ஒரு தானம் சாஸ்திரத்தில்கூடக் கிடையாது.

இதையெல்லாம் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். வருமான வரி இலாகாவில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர், நேர்மையானவர். அவர் என்னை எளிதில் விடவில்லை.

"நீங்கள் கதை எழுதுகிறவர். உங்களுக்கு எல்லாம் உருக்கமாகத்தான் தெரியும்" என்றார். "ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லையா? பராமரிப்புக் கட்டணம் கொடுக்காமல் லிஃப்டும் மோட்டாரும் கெட்டுக் கிடக்கவில்லையா? கடன் என்கிறீர்களே, நான் யாரிடம் கடன் வாங்கினேன்? அந்த அம்மாளிடம் நான் ஒரு பைசா வாங்கியதில்லையே!"

முதல் இரண்டும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விடுவது குற்றமென்றால், எங்கள் பேட்டையில் பாதிப் பேர் குற்றவாளிகள். அவர்களை நாம் முதலீடு செய்யத் தெரிந்த கெட்டிக்காரர்கள் என்கிறோம்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. முதலில் எனக்குத் தோன்றிய பதிலைச் சொன்னேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் அவர்கள். சென்னைக்கு விளக்கெரிக்க எண்ணூரில் 1970-இல் அனல் மின் நிலையம் ஏற்பட்டது. 2017-இல் அதை மூடினார்கள். அதற்கு வடக்கே வேறு நிலையங்கள் வந்துவிட்டன. வெளிச்சம் ஊர் முழுவதற்கும், சாம்பல் அவர்களுக்கு. நம் வீட்டுக் குப்பை கொடுங்கையூரில் மலையாகக் குவிந்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கசிந்து பரவியபோது, அது போய்ச் சேர்ந்ததும் எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் வலையில்தான். பட்டணத்தின் சுகத்தை நாமும் அதன் கழிவை அவர்களுமாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். இது கடனல்லாமல் வேறென்ன?

நண்பர் சற்று யோசித்துவிட்டு, "சரி, உழைத்தவனுக்குக் கடன். ஒத்துக்கொள்கிறேன். உழைக்காதவன்? நோயாளி, கிழவி, புத்தி பேதலித்தவன்? அவர்களிடம் உங்கள் பட்டணம் ஒன்றும் வாங்கவில்லையே. அவர்களுக்கு வீடு கிடையாதா? கொடுப்பீர்களானால் அது தானம்தானே?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டை உழைப்பின் கூலியாக மட்டும் பார்த்தால், கூலி வேலை செய்ய முடியாதவனை மறுபடியும் தானத்தின் வாசலில்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

விடியும் சமயத்தில் மூலக்கொத்தளத்தில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. "ஒன்றும் வேண்டாம் சார்" என்று அந்தப் பதிவேட்டுக்காரர் சொன்னார் அல்லவா? என் நண்பர் அச்சுக் கோத்து எத்தனை வருஷம் உழைத்தார் என்று அவர் கேட்கவில்லை. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. அநாதைப் பிரேதமாக இருந்தாலும் அங்கே இடம் உண்டு. கிராமங்களில் சுடுகாட்டுக்குள்ளும் சாதி புகுந்திருப்பதை நான் மறக்கவில்லை; ஆனால் செத்தவனுக்கு இடம் கொடுப்பது பிச்சை என்று எந்தச் சாதியானும் சொன்னதில்லை. ஏன்? ஒரு பிரேதம் தனக்கென்று ஓர் இடத்தைத் தானே தேடிக்கொள்ள முடியாது. ஊரில் எல்லா இடமும் யாராவது ஒருவருக்குச் சொந்தம். ஆகவே ஊர்தான் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

நடைபாதையில் படுத்திருப்பவன் நிலை என்ன? அதுவேதான். பழங்காலத்தில் ஓலையும் மூங்கிலும் கொண்டு எங்காவது ஒரு புறம்போக்கில் அவனே ஒரு குடிசை போட்டுக்கொள்வான். பட்டணத்தில் அது ஆக்கிரமிப்பு. நடைபாதையில் படுத்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். பூங்காவில் படுத்தால் காவல்காரர் எழுப்புவார். ரயில் நிலையத்தில் படுத்தால் டிக்கெட் கேட்பார்கள். அவன் எங்கே கண்ணை மூடினாலும் ஏதோ ஒரு சட்டத்தின் மேல் படுத்திருக்கிறான். நிலத்தையெல்லாம் அளந்து, வேலி போட்டு, பட்டா கொடுத்து, தாளமுத்து நடராசன் மாளிகையில் வரைபடமும் தீட்டி வைத்தது நாம் எல்லோரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், அது இல்லாவிட்டால் என் வீடும் எனக்கில்லை. ஆனால் ஒருவன் தானே ஓர் இடம் தேடிக்கொள்ளும் வழியை அடைத்தவர்கள், அவனுக்கு ஓர் இடம் காட்டக் கடமைப்பட்டவர்கள். அடைத்தது நாம், ஆகையால் கடன் நம்முடையது. அவன் உழைத்தானா இல்லையா என்பது அப்புறம் பேச வேண்டிய பேச்சு. செத்தவனிடம் கேட்காத சான்றிதழை உயிருள்ளவனிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

மயானத்தில் வீடு கட்டலாமா என்ற பழைய கேள்வியும் இங்கே வந்து நிற்கிறது. சிங்கப்பூரில் பிஷான் என்ற புதுநகரம் ஒரு காலத்தில் சீனர்களின் மிகப் பெரிய இடுகாடு. பிடாதரி என்ற இடமும் ஒரு காலத்தில் இடுகாடுதான். கல்லறைகளைத் தோண்டி எடுத்து வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, வீடுகள் கட்டினார்கள். வருத்தப்பட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் 1960-இல் தோன்றிய அந்த நாட்டு வீடமைப்புக் கழகத்தின் வீடுகளில், இன்று ஜனத்தொகையில் முக்கால் பங்குக்கு மேல் வாழ்கிறார்கள். நம் தமிழர்களும் வாழ்கிறார்கள். ஆசிரியரும் குமாஸ்தாவும் டாக்சி ஓட்டுகிறவரும் ஒரே மாடிப்படியில் ஏறுகிறார்கள். வியன்னா நகரத்தில் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் வந்தபோது, 1923-இல் பெரிய வீடுகளுக்கு அதிகமாகவும் சிறிய வீடுகளுக்குக் குறைவாகவும் ஒரு வீட்டு வரி போட்டார்கள். அந்த வரி நிஜமாகவே வசூலாயிற்று! அதிலிருந்து எழுந்தவற்றில் ஒன்றான கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு, 1930-இல் திறந்தது, இன்னும் ஜனங்கள் விரும்பிக் குடியிருக்கும் இடமாக இருக்கிறது. அந்த ஊர்களில் சர்க்கார் வீடு என்றால் ஏழை வீடு என்று அர்த்தமில்லை. தமக்கும் சேர்த்துக் கட்டியதால், சுவர் உதிராமல் கட்டினார்கள்.

ஆகவே மயானத்தில் வீடு கட்டுவது பாவமா என்ற கேள்விக்கு, நான் அங்கே குடிபோகத் தயாரா என்பதே உரைகல் என்று நினைக்கிறேன். நான் போகத் தயாராக இருக்கும் இடத்தில் மற்றவனுக்கும் வீடு கொடுத்தால் அது நியாயம். நான் போக மாட்டேன், அவனுக்கு அது போதும் என்றால், அந்த வீட்டில் எத்தனை லட்சம் செலவழித்தாலும் அது கடனை அடைத்ததாகாது. என் மனத்தை நானே கேட்டுப் பார்த்தேன். மூலக்கொத்தளத்து அடுக்குமாடியில் ஒரு வீட்டை எனக்குக் கொடுத்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பேன். நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் அவமரியாதை என்று கோபப்பட்டேனே, அந்தக் கோபத்தில் எத்தனை பங்கு அவர்களுக்காக, எத்தனை பங்கு அந்தச் சுளிப்பு என்று இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

வாரியத்தின் பெயரை 2021-இல் மாற்றினார்கள். குடிசை மாற்று வாரியம் இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். சிலர் கேலி செய்தார்கள். நான் செய்ய மாட்டேன். 'குடிசை' என்பது நாம் அகற்ற விரும்பிய பொருள். 'வாழ்விடம்' என்பது அவர்களுக்கு வேண்டிய பொருள். பேச்சு அந்த அளவுக்காவது திரும்பியிருக்கிறது. குடிபெயரும் குடும்பத்துக்கு இடைக்காலத்தில் கொடுக்கும் 8,000 ரூபாயை 24,000 ஆக உயர்த்தியதும் அந்த ஆண்டிலேதான். அதற்குக் 'கருணைத் தொகை' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. வீட்டை இடித்துக் கட்டும்வரை வெளியே இருப்பவனுக்குக் கொடுப்பதில் கருணை எங்கே வந்தது? அது வாடகை அல்லவா?

அச்சுக் கோத்த நண்பரின் பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி இன்னும் அதே ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறார். வாரியத்து வீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறாராம். மனுவை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். யாரோ எழுதிக் கொடுத்தது. 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்று ஆரம்பித்தது. நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனேன். அவர் பதறி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சிடாதீங்க அண்ணா. அப்புறம் குடுக்காம போயிடப் போறாங்க."

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த வரி அப்படியே போயிருக்கிறது.